ஃப்ரிட்ஜை நிறுத்திட்டுத்தான் பாட்டு

இல்ல இல்ல, செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க. கிளம்பிட்டுத்தான் இருந்தேன், அதனால என்ன, ஹால் எங்கயும் ஓடிப் போயிடாது. அவரு வீட்ல இல்லம்மா. நம்ம குடியிருப்போர் சங்கத்து ஹால்ல ஸ்பீக்கர் சரியா இருக்கான்னு பாக்கப் போயிருக்காரு. கூடவே அந்தப் பரிவாரமும். எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லலாம்.

என்னது? அட, எங்க சிடி! இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? காருலயா? யாரு காருல? ஓ, நீங்க டிரைவிங் ஸ்கூல் மேடமா! தலையில போர்டு வெச்சுக்கிட்டு நத்தை மாதிரி எங்க தெருவுல ஊர்ந்து போகுமே, அந்த மஞ்சக் கார். அப்போ என் நாத்தனார் உங்ககிட்டதான் கத்துக்கிட்டா. சிக்னல்ல கிளச்சை விடத் தெரியாம நின்னு, பின்னாடி ஹாரன் அடிச்சவனைப் பாத்து அழுதாளாமே? அவளேதான். நாங்க குடுத்ததை அவ காருலயே விட்டுட்டுப் போயிட்டாளா? ரிப்பனைக்கூடப் பிரிக்காம?

நீங்க எதுக்கும்மா சங்கடப்படறீங்க? விட்டவளுக்கே இல்லாத சங்கடம். போன வாரம் போன் பண்ணினா. அண்ணி, பாட்டெல்லாம் அமர்க்களம், நானும் அவரும் அப்படியே உருகிப் போயிட்டோம், அதுலயும் அந்த அஞ்சாவது பாட்டு இருக்கே, அய்யோன்னா. உருகினது உங்க டேஷ்போர்டுல, மத்தியான வெயில்லன்னு இப்பதானே தெரியுது.

உக்காருங்க. அதை டேபிள் மேல வைங்க. இல்ல, நீங்க தடங்கல் பண்ணலம்மா. இவரு இப்பதான் போன் பண்ணினாரு, சிடியை மறந்துட்டேன், எடுத்துட்டு வான்னு. சிடி போடறதுக்குன்னு ஹாலுக்குப் போன மனுஷன், சிடியைத் தவிர எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்காரு. சாயங்காலம் சங்கத்துல பாராட்டுக் கூட்டம். இந்தக் கட்டடத்தின் இசைப் பெருமைன்னு லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்காங்க, நீங்க வரும்போது பாத்திருப்பீங்க. எல்லாரையும் உக்கார வெச்சு, முதல்லேருந்து கடைசி வரைக்கும் போட்டுக் காட்டப் போறாங்களாம். செக்ரட்டரியோட ஏற்பாடு. அவரும் கேக்கல. கேட்டிருந்தா கூட்டம் போட்டிருப்பாரா?

அது சரி, நீங்க மட்டும் எப்படிக் கேட்டீங்க? காருல சிடி ப்ளேயர் இருக்கா! பழைய கார் வெச்சிருக்கறதுல இப்படி ஒரு ஆபத்து இருக்கு பாருங்க. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். இந்தக் காலத்துல சிடி போட யாருகிட்டம்மா மெஷின் இருக்கு? போன்ல அனுப்பிடுங்கப்பான்னு எங்க பொண்ணு தலையால அடிச்சுக்கிட்டா. இவரு கேட்டாத்தானே. கையில பிடிச்சுப் பாக்கணுமாம், அப்பதான் அது படைப்பாம். வருஷக் கடைசி லீவு வந்தா மத்த வீட்ல ஊருக்குப் போவாங்க, இல்ல தூங்குவாங்க. எங்க வீட்ல படைப்பாங்க.

என்ன சத்தம்? இருங்க இருங்க, மெதுவா சொல்லுங்க. உர்ர்ருன்னா? பாட்டு ஓடும்போது அடியில உர்ர்ருன்னு. நீங்க அதைக் கார் இன்ஜின்னு நெனச்சுட்டீங்களா? அய்யய்யோ. ஒர்க்‌ஷாப்ல விட்டீங்களா? பெல்ட்டை மாத்தினானா? அப்புறம் ஏதோ பம்பைக் கழட்டி மாட்டினானா? கடைசியில பாட்டை நிறுத்தினதும் சத்தமும் நின்னு போச்சு! போதும்மா, எனக்கு வயித்தை வலிக்குது. இந்த வீட்டுச் சங்கீதத்தால ஒரு மெக்கானிக்காவது பொழைச்சான்.

எந்தப் பாட்டுல அந்தச் சத்தம்? எல்லாத்துலயுமா? கடைசிப் பாட்டு வரைக்கும்? ம்.

அப்போ எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க.

ஒன்னுமில்ல, சும்மா கேட்டேன். அது இன்ஜின் இல்லம்மா, ஃப்ரிட்ஜ். அதோ நிக்குதே, எங்க மாமியார் வாங்கினது, இன்னும் உயிரோட இருக்கு. ஆனா எங்க வீட்டு ரெக்கார்டிங்ல ஃப்ரிட்ஜ் சத்தம் வரவே வராது. ஏன் வராதுன்னு முதல்ல சொல்றேன். அப்புறம் இதுல ஏன் வந்துச்சுன்னு சொல்றேன். டீ குடிப்பீங்கல்ல?

எங்க வீட்டுக்காரர் தண்ணி வரி ஆபீஸ்ல சூப்பரின்டெண்ட். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஃபைல்ல கையெழுத்து போடற வேலை. படிச்சுட்டுப் போடறதுன்னா வேலை முடியுமா, அதனால படிக்காமலே போடுவாரு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி உதவும். அந்த மனுஷனுக்கு லீவு வந்தா போதும், சங்கீதம் வந்துடும், சிலருக்கு மழைக்காலத்துல மூட்டு வலி வர்ற மாதிரி. கூட மூணு கூட்டாளிங்க. பல் டாக்டர் ஒருத்தர், புல்லாங்குழல். அவரு கிளினிக்ல பல்லைப் பிடுங்கும்போது வர்ற சத்தத்துக்கும் குழல்ல வர்ற சத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கணும்னா அனுபவம் வேணும். இன்னொருத்தர் கணக்கு வாத்தியார், கீபோர்டு. பாட்டும் அவரேதான் எழுதுவாரு. லீவு வந்தது, மனசு பறந்ததுன்னு, மீதி இல்லாம வகுத்த மாதிரி எழுதுவாரு. மெட்டு மட்டும் நல்லா போடுவாரு, அதைச் சொல்லியே ஆகணும். எழுதற கையும் வாசிக்கற கையும் வேற வேற ஆளோடதோன்னு நெனப்பேன். மூணாவது ஆளு இன்சூரன்ஸ்காரர். அவருதான் பாடகர். இந்த நாலு பேருல அவருக்கு மட்டும்தான் தொண்டை இருக்காம். இருக்கு, யாரு இல்லன்னா? வருஷம் பூராவும் நல்லாத்தான் இருக்கும். லீவு ஆரம்பிச்ச அன்னைக்குக் கட்டிக்கும்.

ஸ்டூடியோ எங்க பெட்ரூம்தான். மெத்தையைத் தூக்கி ஜன்னல்ல சாத்துவாங்க. என் பீரோவைத் திறந்து வெச்சுடுவாங்க, உள்ள தொங்கற துணியெல்லாம் எதிரொலியை உறிஞ்சுமாம். நான் ஆசையா மடிச்சு வெச்சது எல்லாம் எதிரொலியை உறிஞ்சிட்டு நிக்கும், பல் டாக்டர் அதுக்கு முன்னாடி நின்னு எச்சி தெறிக்க ஊதுவாரு. காலிங் பெல்லைக் கழட்டுவாங்க. ஃபேனை நிறுத்துவாங்க. குழாயில சொட்டுத் தண்ணி விழக்கூடாது, அடியில துணியைப் போடணும். நான் இருமக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஃப்ரிட்ஜை நிறுத்தணும். அதுக்குன்னே ஒரு சடங்கு. இவரு வந்து, ஃப்ரிட்ஜ் ஆஃப்னு சத்தமா சொல்லுவாரு, ராக்கெட் விடற மாதிரி. பாட்டு முடியும், கட்டிப் பிடிச்சுப்பாங்க, டீ கேப்பாங்க, வெளிய போயிடுவாங்க. திரும்பப் போடணும்னு ஒருத்தனுக்கும் தோணாது. பால் திரிஞ்சு, ஐஸ்க்ரீம் கஞ்சியாகி, மீன் இருக்கற நாளா இருந்தா கட்டடத்துக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் எங்க வீட்ல ஒரு சிடி பிறக்கும், ஒரு ஃப்ரிட்ஜ் நிறைய சாமான் செத்துப் போகும்.

சர்க்கரை போதுமா? சரி.

நான் என்ன பண்ணினேனா? டீ போட்டேன். அந்தக் கவரைத் திருப்புங்க. முன்னாடி இவரு போட்டோ, பாத்தீங்களா, எதையோ தூரத்துல பாக்கற மாதிரி. அது எதிர் வீட்டுத் துணி காயற கொடி. தயாரிப்பு, ஒலிப்பதிவு, மேற்பார்வை எல்லாத்துக்கும் ஒரே பேரு. இப்போ பின்னாடி, கீழ, ஓரத்துல. தேநீர் வழங்கி உதவிய என் துணைவியாருக்கு நன்றி. எங்க அப்பா வெச்ச பேரு எனக்கு ஒன்னு இருக்குன்னு அச்சடிக்கும்போது ஞாபகம் வரல போல. பரவாயில்ல, இடம் பத்தலயாம்.

இருங்க, அதைத்தான் கேக்க வந்தீங்களா, கவர்ல போட்டிருக்கற பேரைப் பத்தியா? அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். அவசரப்படுத்தாதீங்க, உங்ககிட்ட கத்துக்கறவங்களை மட்டும் மெதுவா மெதுவாங்கறீங்க.

நான் படிச்சது கான்வென்ட்ல. எங்க பாட்டு சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க, கையில ஸ்கேல். பல்லைக் காட்டாதே, வாயைத் திற, வயித்துலேருந்து பாடுன்னு தொப்புள்கிட்ட குத்துவாங்க. ஆண்டு விழான்னா முதல் வரிசையில நான்தான். உயரம் கம்மிங்கறதால இல்ல, சும்மா சொல்லல. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ இவருக்கு அதைச் சொன்னாங்க. பாடத் தெரியும்னு. ஓ, நமக்கும் சங்கீதம்னா ரொம்ப இஷ்டம்னாரு. அவரோட சங்கீதத்தைத்தான் சொன்னாருன்னு அப்புறமா புரிஞ்சுது.

இந்த லீவுல என்ன ஆச்சுன்னா, அந்த அஞ்சாவது பாட்டு. கடைசி பஸ்ஸை விட்டுட்டு ஒருத்தன் நடந்தே வீட்டுக்குப் போறான், அந்தப் பாட்டு. அதுல ரெண்டாவது சரணத்துல மேல ஒரு இடம் வரும். அங்க போய் நிக்கணும், நின்னுட்டு இறங்கணும். இன்சூரன்ஸ்காரர் போவாரு, நிக்க மாட்டாரு. திரும்பப் போவாரு, இருமுவாரு. சுடுதண்ணி குடு, தேன் குடு, மிளகு குடு. நானும் குடுத்துக் குடுத்து, கடைசியில பொறுக்க முடியாம, சமையல் கட்டுலேருந்தே அந்த வரியைப் பாடிக் காட்டினேன். இப்படிப் போய் இப்படி இறங்குங்க, அவ்வளவுதான்னு. கையில கரண்டியோட.

உள்ள கணக்கு வாத்தியார் கீபோர்டுல அந்த இடத்தை ஒரு தரம் தொட்டாரு, நான் பாடின சுருதி சரிதானான்னு பாக்கற மாதிரி. சரி, ஏதோ சொல்லப் போறாங்கன்னு நான் நிக்கறேன், முட்டாள் மாதிரி. அப்புறம் இவரு எட்டிப் பாத்தாரு. மைக்குல விழுந்துடும்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திக்கோன்னாரு. கோவமா இல்ல. ரொம்பப் பிரியமா சொன்னாரு. அதுதான் விசேஷம்.

சாத்திக்கிட்டேன். வேற என்ன பண்றது, டீ கொதிக்குது.

என்னம்மா, மூஞ்சியை ஏன் அப்படி வெச்சுக்கறீங்க? இது சிரிக்கற கதை. இனிமேதான் சிரிப்பே. ரெக்கார்டிங் முடிஞ்சா காப்பி போடறது, கவர்ல சொருகறது, ரிப்பன் கட்டறது எல்லாம் என் வேலை. உனக்குத்தான் பொறுமை இருக்குன்னு குடுத்துட்டாங்க. எனக்குப் பொறுமை! இவரோட குடும்பத்துல யாரையாவது கேட்டுப் பாருங்க. முதல் காப்பியை இவருகிட்ட குடுப்பேன், கேட்டு சரி பாக்கறதுக்கு. இந்த வருஷமும் குடுத்தேன். கேட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறம் என்னைச் சொல்லக்கூடாதுன்னு தெளிவா சொல்லித்தான் குடுத்தேன். வாங்கினாரு, இப்படித் திருப்பிப் பாத்தாரு, போட்டோ நல்லா வந்திருக்குன்னாரு. பிரமாதம், எல்லாத்தையும் போட்டுடுன்னாரு. படிக்காம கையெழுத்து போடற கைன்னு சொன்னேன்ல?

மத்தவங்களும் அதே மாதிரிதான். பல் டாக்டர் கிளினிக்ல கண்ணாடி அலமாரியில, பல் செட்டுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிருக்காரு. மூணாவது பாட்டுல என் குழல் எப்படி மிதந்து வருது பாத்தீங்களான்னு என்கிட்டயே கேட்டாரு. பாத்தேன் டாக்டர்னேன். கணக்கு வாத்தியார், மிக்ஸிங் இந்த வருஷம்தான் சரியா அமைஞ்சிருக்குன்னாரு. இன்சூரன்ஸ்காரர் இன்னும் ஒரு படி மேல. அந்த மேல் இடத்துல நின்னேன் பாருங்க, எனக்கே சிலிர்த்துடுச்சுன்னாரு. கையைத் தூக்கிக் காட்டினாரு, ரோமம் நிக்குதாம். ரெக்கார்ட் பண்ணும்போது அவங்கவங்க பாகத்தை அவங்கவங்க போன்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு, அதையேதான் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் கேட்டுக்கறாங்க. அடுத்தவன் வாசிச்சதை எவன் கேப்பான்?

ஹலோ. ஆமா, வந்துட்டேங்க. வழியிலதான். ஆமாங்க, சிடி கையிலயே இருக்கு. எத்தனை சேரா? வாத்தியார் அங்கதானே இருக்காரு, எண்ணச் சொல்லுங்க. சரி, வெக்கறேன்.

பறக்கறாரு. சரி, இப்போ நீங்க சொல்லுங்க. என்ன கேக்கணும்னு வந்தீங்க?

ம். ம்.

கவர்ல ஆம்பளை பேரு, பாடறது பொம்பளை. குழலையும் காணோம், கீபோர்டையும் காணோம். வெறும் குரல், அடியில உர்ர்ரு. அது யாருன்னு உங்ககிட்ட கத்துக்க வர்றவங்க கேக்கறாங்களா? காருல எல்லாருக்கும் போட்டுட்டீங்களா! ஏம்மா, பாவம், அவங்களே பயந்துபோய் ஸ்டியரிங்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாரு? எங்க தெரு முனையில பஸ்ஸைப் பாத்தாலே பிரேக்குல ஏறி நிப்பாரே, அந்த மூக்குக் கண்ணாடிக்காரரா? அவரு என்ன சொன்னாரு? ஓரமா நிறுத்திட்டாரா? பாட்டு முடியற வரைக்கும் கியரைத் தொடாம உக்காந்திருந்தாரா? அஞ்சாவதா? நீங்களும் ஒன்னும் சொல்லலயா? கிளாஸ் நேரம் போகுதேன்னு சொல்ல வேண்டியதுதானே.

தண்ணி இருக்கா அந்தச் சொம்புல? குடுங்க. டீ சூடு அதிகம், தொண்டையில பட்டுடுச்சு.

எனக்கு ஒன்னு மட்டும் நெஜமா சொல்லுங்க. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, அதைச் சொல்றதுக்கு ஊர் பூரா ஆளிருக்கு. அந்த ரெண்டாவது சரணம், மேல போற இடம். போயாச்சு, நின்னாச்சு. இறங்கும்போது மூச்சு முட்டி ஒரு எழுத்தை முழுங்கிட்டேன். அது கேட்டுச்சா?

கேட்டுச்சா!

அடடா. பாத்தீங்களா, இத்தனை வருஷத்துல இந்த வீட்டுச் சிடியில குத்தம் கண்டுபிடிக்கற அளவுக்குக் கேட்ட முதல் ஆளு நீங்கதான்.

ஆமாம்மா, நான்தான். எல்லாமே நான்தான். கதவைச் சாத்திக்கோன்னாரே, அதுக்கு மறுநாள் நாலு பேரும் கவர் அடிக்கற கடைக்குப் போனாங்க. மைக்கு மாட்டினபடி இருந்துச்சு, மெத்தை ஜன்னல்ல, துணியெல்லாம் பீரோவுல தொங்குது. சிவப்பு பட்டனை அழுத்தணும்னு இத்தனை வருஷமா டீ தட்டோட நின்னு பாத்த எனக்குத் தெரியாதா? அவங்க போட்ட அதே பாட்டுங்கதான், அதே வரிசை. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். முதல் காப்பியில என்னுதைப் போட்டு இவருகிட்ட குடுத்தேன். கேப்பாரு, கத்துவாரு, நாலு வார்த்தை நானும் சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். பிரமாதம், எல்லாத்தையும் போட்டுடுன்னாரு. புருஷன் சொல்லைத் தட்டலாமா? போட்டுட்டேன்.

அவங்க பாடினதா? அது பத்திரமா இருக்கு. இதோ, என் ஹேண்ட்பேகுல. இதைத்தான் சாயங்காலம் போடறதுக்கு எடுத்துட்டுக் கிளம்பினேன். விளையாட்டு போதும், ஊரைக் கூட்டி வெச்சு மனுஷனை அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு செருப்பை மாட்டினேன். நீங்க பெல்லை அடிச்சீங்க.

அசிங்கப்படுவாரா? தெரியல. ஒருவேளை அப்பவும் அவரு பின்னாடி திரும்பி, வந்திருக்கறவங்களை எண்ணிக்கிட்டு இருக்கலாம். பாப்போம்.

அந்த டிராயரைக் கொஞ்சம் திறங்க. இதை உள்ள போடறேன். மூடிடுங்க. இப்போ உங்க சிடியை இப்படிக் குடுங்க. இதையே எடுத்துட்டுப் போறேன், இது உங்க காருல ஓடிப் பழகினது, வழியில நிக்காது. நீங்களும் வாங்களேன். அந்த மூக்குக் கண்ணாடிக்காரருக்கும் ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க, ஆனா பஸ்ல வரச் சொல்லுங்க. முன் வரிசையில உக்காருங்க, இன்சூரன்ஸ்காரர் மூஞ்சி நல்லா தெரியற மாதிரி. அவருக்கு மறுபடியும் சிலிர்க்குதான்னு பாக்கணும்.

அந்த உர்ர்ருக்குத்தான் எனக்கு வருத்தம். உங்களுக்கு வேற பெல்ட் செலவு. நான் என்னம்மா பண்றது, அன்னைக்கு உள்ள மீன் இருந்துச்சு, நிறுத்த மனசு வரல. அடுத்த லீவுக்கு முதல் நாளே சாமானெல்லாம் காலி பண்ணிட்டு, ஃப்ரிட்ஜை நிறுத்திட்டுத்தான் பாடுவேன்.